நாலாவது வாசனை

ஊருக்கு அவள் சோப்புக்காரி. பெற்றவர்கள் பேர் வைக்காமலா வளர்த்திருப்பார்கள்? ஆனால் அவளுடைய ஆட்டுப்பால் சோப்பு கடைகளுக்குப் போக ஆரம்பித்த பிறகு அந்தப் பேரை யாரும் தேடவில்லை, அவளும் கேட்டு வாங்கவில்லை. கொஞ்சம் வாய்த்துடுக்கு உண்டு, கைச்சுத்தம் உண்டு, எல்லாவற்றுக்கும் மேலே மூக்கு உண்டு. பக்கத்து வீட்டு அடுப்பில் பால் அடிப்பிடித்தால் அந்த வீட்டுக்காரிக்கு முன்னால் இவளுக்குத் தெரிந்துவிடும். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கத்துவாள்.

கொஞ்சம் நிலம், ஒரு டஜன் ஆடு, ஒரு தகரக் கொட்டகை, மனைவியை இழந்த ஒரு சாதுவான மனிதர், அவருடைய பெண் குழந்தை. இத்தனையும் சேர்ந்த வீட்டுக்கு அவள் இளைய தாரமாக வந்தாள். மூத்தவள் நோயில் போய்ச் சேர்ந்திருந்தாள். மூத்தவள் இருந்தவரை அங்கே பால் மட்டும்தான் விற்பனை. சோப்பு இவள் கொண்டுவந்தது. முன்பு வண்டி நிறுத்திய அறையைக் கழுவி, சுவரோரம் பலகை அடித்து, அதைச் சோப்பு அறை ஆக்கினாள். பாலை முதலில் ஐஸ்கட்டியாக உறையவைத்து, அதன்மேல் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுவாள். அவசரப்பட்டால் பால் கருகி நாறிப்போகும். பிறகு எண்ணெய்கள், கடைசியில் வாசனை. அச்சில் ஊற்றி, வெட்டி, பலகையில் வாரக்கணக்கில் காயவிடவேண்டும்.

வாசனை எண்ணெய் விஷயத்தில் மட்டும் அவள் யாருக்கும் மசிய மாட்டாள். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் இல்லை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் செங்குத்தான ஒரு மாடிப்படி, மேலே நீளமான ஓர் அறை. சுவர் முழுக்கப் பழுப்புக் கண்ணாடி பாட்டில்கள். அதுதான் அவள் வாங்கும் கடை. ஒரு சொட்டைத் தாளில் விட்டு உடனே முகர்வாள். கீழே போய் மற்ற சாமான்களை வாங்கிவிட்டு வந்து மறுபடி முகர்வாள். தாளை வீட்டுக்கு எடுத்துப்போய் மறுநாளும் முகர்வாள். தாளில் எண்ணெய்ப் பிசுக்கு வட்டமாக நின்றால் சமையல் எண்ணெயைக் கலந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அன்றைக்குக் கடைக்காரருக்கு நல்ல பூசை கிடைக்கும்.

"இந்த ஊர்ல எத்தனை பேர் எங்கிட்ட வாங்கறாங்க தெரியுமா? நீங்க ஒருத்தர்தான் பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்கறீங்க" என்பார் அந்தக் குண்டு மனிதர்.

"பொண்ணு பாத்தா ஒரு தடவைதான் ஏமாறலாம். இதுல மாசாமாசம் ஏமாறணும்" என்பாள் இவள்.

அடுத்தடுத்து முகர்ந்து மூக்கு களைத்துவிட்டால், மற்றவர்களைப்போல் காப்பிக்கொட்டையைத் தேட மாட்டாள். தன் புறங்கையை முகர்ந்துகொள்வாள். அவரவர் வாசனை அவரவர் மூக்குக்குத் தெரியாது. அதனால் அது ஒரு காலி இடம். அங்கே போய்க் கொஞ்சம் நின்றுவிட்டு அடுத்த பாட்டிலுக்கு வருவாள்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, பாப்பாவைத் தவிர.

பாப்பா கெட்ட பிள்ளை இல்லை. கெட்ட பிள்ளையாக இருந்தால்கூடத் தேவலை, சண்டை போட்டாவது ஒட்டிக்கொள்ளலாம். அது அழாது, அடம் பிடிக்காது. "சித்தி, தண்ணி குடுங்க", "சித்தி, தலை வாரி விடுங்க" என்று விருந்துக்குப் போன வீட்டில் பேசுவதுபோல் பேசும். தலை வார உட்கார்ந்தால் முதுகை நிமிர்த்தி முக்காலியின் விளிம்பில் உட்காரும். பின்னால் இருக்கும் மடியில் ஒரு தடவை சாய்ந்தால் என்ன குடியா முழுகிவிடும்? சாயாது. வாரி முடித்ததும் "தேங்க்ஸ் சித்தி" என்று வேறு சொல்லும். அந்த தேங்க்ஸைக் கேட்கும்போதெல்லாம் சோப்புக்காரி சீப்பில் சிக்கிய முடியை உருவி விரலில் சுற்றிக்கொண்டு நிற்பாள். அவளுக்குச் சொந்தப் பிள்ளை இல்லை, வேண்டும் என்றும் தோன்றவில்லை. இந்தப் பிள்ளை ஒரு தடவை தானாக ஓடிவந்து கட்டிக்கொள்ளவேண்டும். அது போதும் அவளுக்கு. அதற்கு எதையும் கொடுத்திருப்பாள்.

இந்தச் சமயத்தில்தான் கொட்டகையில் ஓர் ஆடு செத்த குட்டி போட்டது. இன்னோர் ஆடு மூன்று குட்டி போட்டு, மூன்றுக்கும் பால் போதாமல் திண்டாடியது. ஆடு வளர்க்கிறவர்களுக்கு இதற்கு ஒரு வழி தெரியும். செத்த குட்டியின் தோலை உரித்து, பால் இல்லாத குட்டிக்குச் சட்டைபோல் மாட்டிவிடுவார்கள். புருஷனும் பெண்டாட்டியும் அன்று அதைத்தான் செய்தார்கள். குட்டியை இழந்த ஆடு அந்த மாறுவேடக்காரனைப் பின்பக்கமாக முகர்ந்தது. இன்னொரு தரம் முகர்ந்தது. பிறகு அடித்தொண்டையில் மெல்லக் குரல் கொடுத்து, காலை அகட்டி நின்றது.

"பாவம், ஏமாத்தறோமே" என்றார் வீட்டுக்காரர்.

"யாரு ஏமாந்தா? அதுக்குக் குட்டி வேணும், இதுக்குப் பால் வேணும். நடுவுல ஒரு வாசனைதானே வேண்டியிருந்தது?"

சொல்லிவிட்டாளே தவிர, சொன்ன வார்த்தை அவளை விடவில்லை. கையைக் கழுவும்போதும் அதே நினைப்பு, பாலை உறையவைக்கும்போதும் அதே நினைப்பு. ஒரு வாசனைதானே?

பாப்பாவின் தலையணைக்கு அடியில் மூத்தவளின் பழைய கம்பளிச் சால்வை ஒன்று இருந்தது. பாப்பா அதைத் துவைக்க விட்டதே இல்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போனதும் சோப்புக்காரி அதை ஒரு டப்பாவில் போட்டு இறுக மூடி, பஸ் ஏறினாள். இதில் தப்பென்ன என்று தனக்குத்தானே வழியெல்லாம் வாதாடிக்கொண்டே போனாள்.

கடைக்காரர் டப்பாவைத் திறந்து, கண்ணை மூடி, மெதுவாக முகர்ந்தார்.

"லவங்கம் இருக்கு. எலுமிச்சைப் புல் இருக்கு. லேசா லாவண்டர். மூணும் எங்கிட்ட முதல் தரம் இருக்கு, தர்றேன்." மறுபடி முகர்ந்தார். அவர் முகத்தில் இருந்த வியாபாரச் சிரிப்பு போய்விட்டது. "நாலாவதா ஒண்ணு இருக்கு. அது எங்கிட்ட கிடைக்காது."

"வேற யார்கிட்ட கிடைக்கும்?"

"எங்கயும் கிடைக்காதுங்க. அது எண்ணெய் இல்ல. அது ஆளு." டப்பாவை மூடி அவள் பக்கம் நகர்த்திவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "யாரோட சால்வை?" என்று கேட்கவும் இல்லை.

மூன்று எண்ணெய்களையும் அவள் பார்த்துப் பார்த்துத்தான் வாங்கினாள். பிள்ளை வீடு திரும்புவதற்குள் சால்வையைத் தலையணைக்கு அடியில் இருந்தபடியே வைத்துவிட்டாள். லவங்க எண்ணெய் சேர்ந்தால் சோப்புக் கலவை சட்டென்று கெட்டியாகிவிடும் என்பதால் அதைக் கடைசியில் சேர்த்தாள். பாலுக்கு மட்டும் கிழவியைப் பிடித்தாள். கிழவி என்றால் மூத்தவள் குட்டியிலிருந்து பால் புட்டி கொடுத்து வளர்த்த வெள்ளாடு. இவளைக் கண்டாலே உதைக்கும். காலைக் கட்டித்தான் கறக்கவேண்டும். வெட்டி அடுக்கியபோது அந்தச் சோப்பில் மூன்று வாசனைதான் இருந்தது. நல்ல வாசனை, ஆனால் வெறும் சோப்பு வாசனை. நடக்காத ஆசைதானே என்று விட்டுவிட்டாள்.

வாரங்கள் போயின. ஒரு நாள் காலை சோப்பு அறைக் கதவைத் திறந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். உள்ளே யாரோ இருந்தார்கள். பலகை, தராசு, அச்சு எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன, ஆள் யாரும் இல்லை. ஆனால் இப்போதுதான் ஒருத்தி குனிந்து எதையோ எடுத்துவிட்டு நிமிர்ந்ததுபோல் அந்த அறை இருந்தது. அவள் ஒரு சோப்பை எடுத்து முகர்ந்தாள். லவங்கம், எலுமிச்சைப் புல், லாவண்டர். அதற்குக் கீழே, அவள் வாங்காத, ஊற்றாத நாலாவது. பயந்தவள் அதோடு நிறுத்தியிருக்கவேண்டும். ஆசை யாரை விட்டது? அன்றைக்கே அதைத் தேய்த்துக் குளித்தாள்.

முதலில் கிழவிதான் காட்டிக்கொடுத்தது. கயிறோடு போனவளைப் பார்த்ததும் எழுந்து வந்து, அவள் தோளில் தாடையை வைத்துக்கொண்டது. கட்டாமலே கறந்தாள். கறந்து முடித்தும் அது தாடையை எடுக்கவில்லை. கண்ணை மூடி, மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது.

அடுத்தது வீட்டுக்காரர். அவள் அடுக்களையில் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். தீவனச் சாக்கோடு உள்ளே வந்தவர் சாக்கைக் கீழே வைக்கவே மறந்துவிட்டார்.

"எப்ப வந்தே?" என்றார்.

வெளியூர் போயிருந்த ஆளைக் கேட்கிற குரல். அவள் திரும்பினாள். அவர் அவளைப் பார்த்தார், பிறகு அவளுக்குப் பின்னால் பார்த்தார், பிறகு சாக்கோடு வெளியே போய்விட்டார். சாப்பிடக் கூப்பிட்டபோது அவர் கண் சிவந்திருந்தது.

பாப்பா மட்டும் தூரத்தில் நின்றே பார்த்தது. கதவு மறைவில் நின்று பார்க்கும். இவள் திரும்பினால் போய்விடும். தலை வாரும்போது முன்னைவிட விறைப்பாக உட்கார்ந்தது, ஆனால் மூச்சு மட்டும் வேகமாக ஓடியது. சோப்புக்காரி காத்திருந்தாள். ஆட்டுக்கே நேரம் பிடிக்கிறது, பிள்ளைக்குப் பிடிக்காதா?

எண்ணெய்க் கடைக்கு மறுபடி போனபோதுதான் அவளுக்கு நிஜமான பயம் வந்தது. இரண்டு மூன்று பாட்டில்களுக்குப் பிறகு மூக்கு களைத்ததும், வழக்கம்போல் புறங்கையை முகர்ந்தாள். அது காலியாக இல்லை. அங்கே மூத்தவள் இருந்தாள். கடைக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்மா. விட்டுடுங்க" என்றார். அதுவரை அவர் அவளிடம் அப்படிக் கெஞ்சிப் பேசியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் மிச்சம் இருந்த அந்தச் சோப்புகளையெல்லாம் சாக்கில் கட்டி, கொல்லைக் கோடியில் குழி தோண்டிப் புதைத்தாள். வெறும் தண்ணீரில் குளித்தாள், பழைய துணிகளையெல்லாம் கொதிக்கவைத்துத் துவைத்தாள், தோல் எரியும்வரை தேய்த்தாள். நாளாக ஆகப் புறங்கையில் அந்த வாசனை மங்கிக்கொண்டே வந்தது. ஒருநாள் முகர்ந்தபோது எதுவும் இல்லை. பழைய காலி இடம். அப்பாடா என்று கொட்டகைக்குப் போனாள்.

கிழவி எழுந்து வந்து தோளில் தாடையை வைத்தது.

சோப்புக்காரி அசையாமல் நின்றாள். தன்னுடைய வாசனை மட்டும்தானே தன் மூக்குக்குத் தெரியாது? அப்படியானால் அது போகவில்லை, அவளுடையதாகவே ஆகிவிட்டது.

பள்ளிக்கூடம் விட்டு வந்த பாப்பா கொட்டகை வாசலில் நின்றது. நல்ல வெயில், முகம் தெளிவாகத் தெரியும் வெளிச்சம். கிழவியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தது. பையைத் தரையில் போட்டது. ஓடி வந்தது. இரண்டு கையாலும் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு வயிற்றில் முகத்தைப் புதைத்தது.

"எங்கேம்மா போயிட்டே?" என்றது. "எவ்ளோ நாளா வரவே இல்ல."

அவள் வாயைத் திறந்தாள். நான் சித்திடா என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். இடுப்பைச் சுற்றியிருந்த கைகள் அவ்வளவு சின்னவை, அவ்வளவு இறுக்கம். இதற்குத்தானே ஏங்கினாள்? சொன்னால் அந்தக் கைகள் விட்டுவிடும்.

"வந்துட்டேன்ல" என்றாள்.

"சித்தி நல்லவங்கதாம்மா. திட்டவே மாட்டாங்க. ஆனா நீதான் வந்துட்டியே. அவங்களப் போகச் சொல்லிடு."

"ம்."

"அழுவாங்களா?"

"அழமாட்டா."

பாப்பா அவள் விரலைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனது. உனக்கு எதுவும் தெரியாதே, நான் காட்டறேன் என்று ஒவ்வொன்றாகக் காட்டியது. இந்தத் திரைச்சீலை சித்தி தைச்சது. இந்த டம்ளரெல்லாம் சித்தி வாங்கினது. உன் அலமாரியில அவங்க துணி வெச்சிருக்காங்க, பரவாயில்லம்மா, எடுத்துடலாம். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே கூடவே போனாள். பின்கட்டில் கைகழுவிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். குழாயைத் திருகி மூடினார்.

கடைசியில் வாசலுக்கு வந்தார்கள். அங்கே அவளுடைய செருப்பு கிடந்தது. குதிகால் தேய்ந்த, ஒரு பக்கம் தைத்துப் போட்ட செருப்பு. பாப்பா அதைப் பார்த்து யோசித்தது. பிறகு இரண்டையும் பத்திரமாகக் கையில் எடுத்துக்கொண்டு போய், வேலிக் கதவுக்கு வெளியே, தெருவைப் பார்த்தாற்போல் ஜோடியாக வைத்துவிட்டு, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டது.

"வெறுங்காலோட போனா அவங்களுக்குக் கல்லு குத்தும்ல" என்றது.

"ஆமா, பாவம்" என்றாள் அவள், வெறுங்காலோடு வாசற்படியில் நின்று.