தாய்மாமனைச் சித்தப்பா என்று எழுதிய வாரம்

இந்த ஊரில் விருந்து என்றால் முதல் வேலையாகக் கேட்டைத் திறந்து போட்டுவிடுகிறார்கள். சைப்ரஸுக்கு வந்து ஆறு வருஷம் முடிந்துவிட்டது, இது மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை. ஈஸ்டருக்கு மூன்று நாள் இருக்கும்போதே நான் வேலை செய்கிற வீட்டு அம்மா கேட்டை விரியத் திறந்து, அது காற்றில் மூடிவிடாதபடி ஒரு பூந்தொட்டியை முட்டுக்கொடுத்து வைத்துவிடுவார். அவரைக் கிரியா மாரூலா என்று கூப்பிட வேண்டும். கிரியா என்றால் வீட்டு எஜமானியை நாம் நோனா என்று சொல்கிற மாதிரி. நான் குப்பை கொட்டப் போகிற சாக்கில் தொட்டியை நகர்த்திக் கேட்டைச் சாத்திவிட்டு வருவேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் தொட்டி மறுபடியும் கேட்டுக்கு முட்டுக்கொடுத்து நிற்கும். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

இந்த வருஷம் மனசு கேட்காமல் கேட்டேவிட்டேன். சீஸை நிரப்பிச் சுடுகிற ஃபிளவூனா என்ற பலகாரத்துக்கு இரண்டு பேருமாக மாவு பிசைந்துகொண்டிருந்தோம். "கிரியா, யார் யார் வர்றாங்க?" என்று எனக்குத் தெரிந்த கிரேக்கத்தில் கேட்டேன். நான் தட்டுக் கணக்குக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். "இருபது பேர், முப்பது பேர், யாருக்குத் தெரியும்! தட்டுப் போதாவிட்டால் கையில் வைத்துத் தின்னட்டும்" என்றார். தட்டு இல்லை கிரியா, பேர் வேண்டும், எங்கேயிருந்து வருகிறார்கள், எப்போது திரும்பிப் போவார்கள் என்றேன். அவர் மாவுக் கையோடு என் முகத்தையே பார்த்தார். "களைப்பாக இருக்கிறதா பாக்கியா? எல்லாரையும் சீக்கிரம் போகச் சொல்லட்டுமா?" என்றார். பிறகு தோளில் தட்டி, சீகா சீகா என்றார். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். நல்ல மனுஷி. ஆனால் நான் கேட்டது என்ன என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. விளக்குவதென்றால் போன வருஷம் ஆவணியில் இலங்கையில் யட்டியாந்தோட்டைப் பக்கம் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், நடந்ததிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்குப் போதுமான கிரேக்கம் என்னிடம் இல்லை. ஆகையால் உங்களிடம் சொல்கிறேன்.

என் மகள் தர்ஷினி பெரிய பிள்ளையானபோது நான் இங்கேதான் இருந்தேன். போனில் செய்தி வந்தது. அப்போது கிரியாவின் குளியலறையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன், அந்தத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தலைக்குத் தண்ணீர் வார்ப்பதை நாத்தனார் பார்த்துக்கொண்டாள். ஊரைக் கூட்டிச் செய்கிற பெரிய சடங்கை நான் லீவில் வரும்வரைக்கும் தள்ளிவைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சடங்கு என்றால் அதற்கு முந்திய ஞாயிறு நான் லயத்தில் போய் இறங்கினேன். ஏழு வயதில் விட்டுவிட்டுப் போன பிள்ளை என் தோளுக்கு நின்றது. கட்டிப்பிடித்தபோது விறைப்பாக நின்றுகொண்டு, "பயணம் எப்படிம்மா இருந்துச்சு?" என்று விருந்தாளியை விசாரிக்கிற மாதிரி விசாரித்தது.

விருந்தாளி என்பது பேச்சுக்குச் சொல்லவில்லை. மறுநாள் காலையிலேயே தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயா ஆள் அனுப்பிவிட்டார். வெளியாட்கள் யார் வந்து தங்கினாலும் எழுதிக் கொடுக்க வேண்டும், அதில் ஒரு பிரதி பொலிசுக்குப் போகும் என்பது சண்டைக் காலத்து ஒழுங்கு. தாளில் நான்கு கட்டம். பேர், என்ன உறவு, எங்கேயிருந்து, எப்போது போவார். கிளாக்கர் ஐயா முதல் பேராக என் பேரையே எழுதினார். "ஐயா, அது எங்க வீடுங்க" என்றேன். "ஒங்க பேர செக்ரோல்லயிருந்து வெட்டி ஆறு வருஷமாச்சு பாக்கியம். லயத்துக் கணக்குலயும் நீங்க இல்ல. நான் என்னா செய்ய?" என்றார். செக்ரோல் என்றால் தோட்டத்து வேலையாட்களின் பேரேடு. உறவு என்ற கட்டத்தில் மனைவி என்றும், எங்கேயிருந்து என்ற கட்டத்தில் சைப்ரஸ் என்றும் எழுதினார். எப்போது போவார் என்ற இடத்தில் என் டிக்கட்டைப் பார்த்துத் தேதி போட்டார்.

அடுத்த பேர்தான் சிக்கல். என் தம்பி சிவலிங்கம், தர்ஷினிக்குத் தாய்மாமன். தாய்மாமன் மாலை போடாமல் பெண்ணை மணையில் உட்கார வைக்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது. ஆனால் அவன் இருந்தது வவுனியாவில். பத்தொன்பது வயதில் தோட்ட வேலை வேண்டாம் என்று வயல் வேலைக்கு அந்தப் பக்கம் போனவன் அங்கேயே கல்யாணம் முடித்துக்கொண்டான். அடையாள அட்டையிலும் அந்த விலாசம்தான். வன்னியில் சண்டை உச்சத்தில் இருந்த நேரம் அது. முந்தின வருஷம் கீழ் லயத்துக்குச் சாவு வீட்டுக்கு வந்த வவுனியாக்காரர் ஒருவரை, விலாசத்தைப் பார்த்துவிட்டு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒன்றரை மாதம் கழித்துத் திரும்பி வந்தார். வந்தவர் யாரிடமும் பேசவில்லை, எதற்கும் தலையை மட்டும் ஆட்டினார் என்று லயமே சொல்லிச் சொல்லி நடுங்கியது.

எங்கள் வீட்டுக்காரர் ஆரம்பத்திலேயே சொன்னார். "அவன வரச் சொல்லாத புள்ள. ஒங்க பெரியப்பா மகன மாமன் ஸ்தானத்துல நிப்பாட்டிக்கலாம்."

"கூடப் பொறந்தவன் உசுரோட இருக்கையில எவனயோ நிப்பாட்டுறதா? நான் ஒருக்கா தானே வந்திருக்கேன்."

"அதாம் புள்ள நானும் சொல்றேன். உசுரோட இருக்கட்டும்."

நான் கேட்கவில்லை. ஆறு வருஷம் பிள்ளைக்கு எதையும் கூட நின்று செய்யாதவளுக்கு, இந்த ஒன்றாவது முறைப்படி நடக்க வேண்டும் என்ற வெறி. கிளாக்கர் ஐயாவின் பேனா தாளில் காத்துக்கொண்டு நின்றபோது நான் சொன்னேன்: "சிவலிங்கம். என் வீட்டுக்காரரோட தம்பி. பிள்ளைக்குச் சித்தப்பா. அரநாயக்கத் தோட்டத்துல இருந்து வர்றாரு." கிளாக்கர் ஐயா ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு அதைச் சிங்களத்தில் அப்படியே எழுதினார். லயத்துக்கு வருகிற ஊர்காவல் படைக்காரர்கள் தலையை எண்ணி லிஸ்டோடு சரிபார்ப்பார்கள், அட்டையைக் கேட்பது அபூர்வம். பஸ்ஸில் வரும்வரைக்கும், வவுனியாவை விட்டு வெளியே வர ஆமிக்காரர் கொடுக்கிற பாஸ் அவனைக் காப்பாற்றும், வந்தபிறகு என் லிஸ்ட் காப்பாற்றும் என்பது என் கணக்கு. வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அவன்கிட்ட சொல்லிட்டியா? ரெண்டு பேரு வாயும் ஒன்னா பேசணும்ல."

சொல்லலாம் என்று போனை எடுத்தால் வவுனியா லைன் கிடைக்கவில்லை. செவ்வாய் கிடைக்கவில்லை, புதன் கிடைக்கவில்லை. அந்த நாட்களில் வீட்டில் கால் வைக்க இடமில்லை. முன்வாசலில் தார்ப்பாய்ப் படங்கு கட்டிப் பந்தல் போட்டார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம், மழை ஈரத்தில் அது காயாமல் உட்கார்ந்தவர்கள் முதுகிலெல்லாம் வெள்ளை. அதிரசத்துக்கு மாவு இடித்து, பாகு காய்ச்சி, முறுக்குப் பிழிந்தோம். என்னோடு முன்னே ரப்பர் பால்வெட்டு வேலை செய்த சோமா அக்கே நாட்டிலிருந்து ஏறி வந்து, அச்சுமுறுக்கு மாதிரியான கொக்கிஸ் சுட்டுத் தந்தாள். நாடு என்றால் தோட்டத்துக்குக் கீழே இருக்கிற சிங்களக் கிராமம். "மொக்கத நங்கி, என்ன தங்கச்சி, சைப்ரஸ் போய் முறுக்குப் பிழியவும் மறந்துட்டியா? கை நடுங்குது!" என்று எல்லார் முன்னாலும் கிண்டல் பண்ணினாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ரோட்டில் ஜீப் ஏறுகிற சத்தம் கேட்டால் கை தானாக நின்றுவிடும். அது தேயிலை லொறிதான் என்று தெரிந்தபிறகு பிழிவேன். வெள்ளிக்கிழமை அவனே தெருக்கடை போனிலிருந்து கூப்பிட்டான். "அக்கா, பாஸ் கெடச்சிருச்சு. காலையில பஸ் ஏறுறேன். பிள்ளைக்கு மாம்பழக் கலர்ல சேல எடுத்திருக்கேன்." நான் லிஸ்டைப் பற்றி வாயைத் திறப்பதற்குள் லைன் அறுந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அவன் வரக்காப்பொலயில் இறங்கி பஸ் மாற வேண்டும். வீட்டுக்காரர் காலையிலேயே போய் அங்கே நின்றார். பன்னிரண்டுக்கு வரவேண்டியவன் இரண்டு மணிக்கும் இறங்கவில்லை. மூன்று மணிக்குக் கிளாக்கர் ஐயா குடையில்லாமல் மழையில் ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. "பாக்கியம், ஒங்க தம்பிய வழியில பஸ்ஸ விட்டு எறக்கி ஸ்டேஷனுக்குக் கொண்டு போயிட்டாங்க. பொலிஸ்ல இருந்து லிஸ்ட்டப் பத்திக் கேட்டு போன் வந்துச்சு. அவரு உள்ளதச் சொல்லியிருக்காரு. பிள்ளைக்குத் தாய்மாமன், வவுனியாவுல இருந்து வர்றேன்னு." சிங்களத்திலும் மாமா மாமாதான், பாப்பா என்றால் சித்தப்பா. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள அவர்களுக்கும் முடியாது. உள்ளதைச் சொன்னவனை என் பொய் பொய்யனாக்கிவிட்டது.

சோமா அக்கே அடுப்பை அணைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "யங் நங்கி" என்று எழும்பிவிட்டாள். வா போகலாம் என்று அர்த்தம். ஆட்டோவில் போகிற வழியெல்லாம் எனக்குக் கீழ் லயத்துக்கு வந்த அந்த வவுனியாக்காரரின் ஆடுகிற தலைதான் ஞாபகம். உண்மையைச் சொன்னால் பொலிசுக்குப் பொய் எழுதிக்கொடுத்தவள் நான். பாஸ்போர்ட்டைப் பிடுங்கலாம், என்னையும் உள்ளே தள்ளலாம், மணையில் உட்கார வேண்டிய பிள்ளைக்கு அம்மாவும் இல்லை மாமனும் இல்லை என்று ஆகலாம். சொல்லாவிட்டால் அவன் கதி என்ன?

தம்பி ஸ்டேஷன் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தான். மடியில் சேலைப் பார்சல் பிரிந்து கிடந்தது, மாம்பழக் கலர். பொறுப்பதிகாரி முகத்தைத் தூக்காமல் பேசினார். "மே மினிஹா சிங்கள ஹொந்தட்ட கத்தா கரனவா." வவுனியாக்காரன் எப்படிக் கேகாலைப் பக்கத்து ஆள் மாதிரிச் சிங்களம் பேசுகிறான் என்பதுதான் அவருடைய பெரிய சந்தேகம். இங்கேயே பிறந்து சோமா அக்கேயின் தம்பிமாரோடு எல்லே பந்தாட்டம் ஆடி வளர்ந்தவனுக்கு, அந்தப் பாஷையே குற்றமாகி நின்றது. பிறகு லிஸ்டை என் பக்கம் திருப்பினார். "மேக்கே பாப்பா. மெயா கியன்னே மாமா. பொரு கியன்னே கவுத?" இதில் சித்தப்பா, இவன் சொல்வது மாமா, பொய் சொல்வது யார்?

"மம, சார்" என்றேன். நான்தான்.

ஏன் என்று கேட்டார். பயம் சார் என்றேன். எதற்குப் பயம் என்று கேட்டார். அவருடைய மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு, உங்களுக்குத்தான் என்று எப்படிச் சொல்வது? என் தலைதான் ஆடியது. அந்த வவுனியாக்காரர் ஆட்டிய மாதிரியே. அப்போதுதான் சோமா அக்கே மேசையருகே போய், இந்தப் பிள்ளை பால் வாளியோடு கல்லில் தடுக்கி விழுந்து முட்டி உடைந்ததை இருபது வருஷத்துக்கு முன் நான்தான் கட்டினேன், முட்டியைப் பாருங்கள் தழும்பு இருக்கும் என்று சிங்களத்தில் சத்தமாகச் சொன்னாள். அவன் காற்சட்டையைச் சுருட்டினான். தழும்பு இருந்தது. அதிகாரி தழும்பைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், கடைசியில் சடங்கு எத்தனை மணிக்கு நல்ல நேரம் என்று கேட்டார். பத்து மணிக்குள் என்றேன். அட்டை இங்கே இருக்கும், நாளைக்கு நான்கு மணிக்கு முன்னால் இவன் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் பஸ் ஏறிவிட வேண்டும், நீயும் கூட வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார். லிஸ்டில் என் கண்முன்னாலேயே பாப்பாவை வெட்டி மாமா என்று எழுதினார்.

சடங்கு நடந்தது. தப்பு மேளம் அடித்தார்கள். தம்பி மாலையைப் போட்டபோது அவன் கை படபடத்ததை, பெண்ணைப் பார்த்து உருகுகிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள். அட்டை இல்லாத ஆள் என்பதை நாங்கள் நான்கு பேர்தான் அறிவோம். ஊர்காவல் படைக்காரர் இருவர் வந்து பந்தலில் தலையை எண்ணும்போது நான் ஆரத்தித் தட்டோடு நின்றேன், கற்பூரம் அணைந்ததுகூடத் தெரியவில்லை. பந்தியில் முதல் இலை மாமனுக்கு என்று போட்டோம். அவன் இரண்டு வாய் தின்றுவிட்டு, "நேரமாயிருமோக்கா?" என்று எழும்பினான். சோறைப் பார்சல் கட்டிக் கொடுத்தேன். குடும்பப் படம் எடுத்தபோது அவனும் நானும் பொலிஸில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். பஸ் ஏறும்போது, "இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேன்க்கா. நீ வெளிநாட்டுல இருந்து வந்தேன்னுதான் இந்தத் தடவ வந்தேன்" என்றான். வீடு போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று மறுநாள் போன் வரும்வரைக்கும் நான் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. அவன் சொன்னபடியே அதற்குப் பிறகு வரவில்லை. அந்தப் படத்தில் மகள் மாலையோடு நிற்கிறாள். மாலை போட்டவனும் பெற்றவளும் படத்தில் இல்லை.

இன்றைக்கு ஈஸ்டர். கேட் திறந்து கிடக்கிறது. யார் யாரோ வருகிறார்கள், கட்டிப்பிடிக்கிறார்கள், யாரும் யாருடைய அட்டையையும் கேட்கவில்லை. நான் அடுப்படி ஜன்னலருகே நின்று, கலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான்கு கட்டம் போட்டு, வருகிறவர்களை ஒவ்வொருவராக எழுதிக்கொண்டிருக்கிறேன். பேர் தெரியாதவர்களைச் சிவப்புச் சட்டை, கண்ணாடிக்காரர் என்று எழுதுகிறேன். முப்பத்தொரு பேர். தெரிந்த உறவையெல்லாம் உள்ளபடியே எழுதினேன். கடைசியில் ஒரு வரி மிஞ்சியது, அதில் பாக்கியம் என்று போட்டேன். என்ன உறவு என்ற கட்டத்தில் வேலைக்காரி என்று எழுதினேன். எங்கேயிருந்து என்ற இடத்தில் லயத்தை எழுதப்போய், அங்கே என் பேருக்கு நேரே சைப்ரஸ் என்று எழுதியிருந்தது ஞாபகம் வந்து பேனா நின்றுவிட்டது. எப்போது போவார் என்ற கட்டமும் காலியாகவே இருக்கிறது. வெளியே கிரியா "எலா, பாக்கியா, எலா!" என்று கூப்பிடுகிறார். வா, வந்து உட்கார் என்கிறார். தாளை மடித்து ஏப்ரனுக்குள் செருகிக்கொண்டு போகிறேன். போகிற வழியில் ஒரு தரம் கேட்டைப் பார்த்துக்கொள்கிறேன்.