மைதீன் சாயிபு கடையில் கிடந்த என் பின்சக்கரம்

மைதீன் சாயிபு இறந்த செய்தியை என் மனைவி பிலோமிதான் கொண்டுவந்தாள். இரணியல் பக்கம் மீன் விற்றுவிட்டு வந்தவள், கடவப்பெட்டியைத் தலையிலிருந்து இறக்கும் முன்னாலேயே, "சைக்கிள் கடை சாயிபு மவுத்தாயிட்டாராம். காலையில தொழுதுட்டு வந்து படுத்த மனுசன் எந்திரிக்கவே இல்லியாம்" என்றாள். நான் மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். என் வாயிலிருந்து முதலில் வந்தது, "ஐயோ, என் சக்கரம்!" என்பதுதான்.

"வாயில மண்ணு விழ! ஒரு மனுசன் போயிட்டாரு, ஒங்களுக்குச் சக்கரமா இப்போ?" என்று பிலோமி கடவத்தைத் தரையில் அடித்தாள்.

அவள் கோபம் நியாயந்தான். ஆனால் என் சைக்கிளின் பின்சக்கரம் அவர் கடைக்குள் கிடந்தது. கடையோ பூட்டிக் கிடந்தது. அந்தச் சக்கரம் வரும்வரை குளச்சலில் இருந்து இரணியல்வரை மீனைத் தலையில் சுமந்து நடக்க வேண்டியவள் அவள். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அந்தச் சக்கரத்தை முன்னிட்டு எனக்கும் மைதீனுக்கும் எட்டொன்பது வருசமாக நடந்த சண்டை பாதியில் நின்றுபோனது. இனி அதை யாரோடு போட்டு முடிப்பது?

மைதீனைத் தெரிந்தவர்களே, நான் எழுத்தறியாதவன். சொல்லச் சொல்ல என் மருமகன் எழுதுகிறான். சாயிபைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லும் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் பிரேக்கை விட்டுவிட்டு அந்த மனுசனைப் பற்றி எனக்குப் பேச வராது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சுதந்திரம் வந்த மறுவருசம், காவடி கட்டி மீன் சுமந்து என் தோள் காய்த்துப்போன சமயத்தில், சைக்கிள் வாங்க அவர் கடைக்குப் போனேன். எங்கள் கோயில் உபதேசியார் வைத்திருந்த மாதிரி உயரமான சீமை வண்டிதான் வேண்டும் என்றேன். மைதீன் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு வண்டியைக் கொண்டுவந்து, நடுக்குழாய்க்கு இரண்டு பக்கமும் காலைப் போட்டு நிற்கச் சொன்னார். குதிகால் தரையில் படவில்லை.

"ஓய் சூசை, உபதேசியாரு வண்டியில வேதபுத்தகம் போவுது. உம்ம வண்டியில சாளை மீனு போவுது. ரெண்டுக்கும் ஒரே பிரேமு ஆவுமாவே? கடவம் பின்னால இழுக்கும்போ நீரு காலை ஊணணும். ஊண எட்டாது. பொறவு வண்டி ஒருபக்கம், சாளை ஒருபக்கம், நீரு ஒருபக்கம்."

"ஊருல நாலுபேரு பாக்கண்டாமா சாயிப்பே?"

"விழுந்து கெடந்தாலும் பாப்பாவ."

உயரம் குறைந்த பிரேமைத்தான் தருவேன் என்றார். அதையும் சும்மா எடுத்துக் கொடுத்துவிடவில்லை. பின்சக்கரம் மாட்டுகிற இடத்தில் ஒரு நூலைக் கட்டுவார். அதை முன்னால் ஹாண்டில் நிற்கிற குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்கத்தில் இழுத்துக் கட்டுவார். நடுவில் சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியில் தீக்குச்சியை வைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதானா என்று பார்ப்பார். ஒரு குச்சிக் கனம் வித்தியாசம் இருந்தாலும் பிரேம் திரும்பிப் போகும். பெயின்ட் மின்னுகிற புதுப் பிரேம்களை என் கண் முன்னால் திருப்பி அனுப்பினார். நல்ல சாளை அடித்துக்கொண்டிருந்த காலம். நான் அங்கே நடையாய் நடந்தேன். "சீக்கிரம் ஒண்ணைத் தாரும், எளவு, எம் பிழைப்பு போவுது" என்றால், "பிரேமு எலும்பு ஓய். மத்தது எல்லாம் சட்டை. சட்டை கிழிஞ்சா வேற போடலாம், எலும்பு கோணினா கோணினதுதான்" என்பார்.

அப்படித் தேர்ந்து தந்த பிரேம் இன்றுவரை கோணவில்லை. மீன் தண்ணீரிலும் கடல் காற்றிலும் கிடந்து, என்னோடு சேர்ந்து விழுந்து எழுந்தும் கோணவில்லை. ஒப்புக்கொள்கிறேன். எலும்பு விஷயத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நிறுத்துகிற விஷயத்தில்தான் அவர் என் உயிரை எடுத்தார்.

வண்டி வாங்கிய முதல் மழைக்காலத்திலேயே அது தொடங்கியது. இரணியல் போகிற வழியில் ஓர் இறக்கம் உண்டு. கடவம் நிறைய மீனோடு இறங்கிக்கொண்டிருந்தேன். எதிரே வைக்கோல் வண்டி. பிரேக்கைப் பிடித்தேன். பிடித்தது கைக்குத் தெரிந்தது, சக்கரத்துக்குத் தெரியவில்லை. வைக்கோல் வண்டிக்கும் பனைமரத்துக்கும் நடுவே புகுந்து வயலுக்குள் போய் விழுந்தேன். நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் அலறிவிட்டுப் பிறகு சிரித்தார்கள். "மீன்கார அண்ணே, எங்க வயல்ல மீனு வளக்கப் போறியளா?" என்றாள் ஒருத்தி. அன்றைக்குச் சேற்றில் இருந்து சாளையைப் பொறுக்கி எடுத்துக் கழுவினாலும் வாங்க ஆளில்லை.

மைதீனிடம் கொண்டுபோனேன். அவர் பிரேக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி நிமிர்த்தினார். கட்டைகளை மாற்றினார். சக்கரத்தைச் சுழலவிட்டுக் கோட்டம் எடுத்தார். கடை வாசலில் ஏறி உட்கார்ந்து ஓட்டிப் பிடித்துக் காட்டினார். ஆணி அடித்த மாதிரி நின்றது. பிறகு ஒரு துணியை எடுத்து வண்டி முழுவதும் துடைத்துப் பளபளவென்று என் கையில் தந்தார். மறுநாள் இறக்கத்தில் திரும்பவும் அதே கதை.

"கடவத்துல இருந்து மீன்தண்ணி ரிம்முல சொட்டுதுவே, அதாக்கும்" என்றார். கமுகம்பாளையை வெட்டிக் கடவத்துக்கு அடியில் கட்டினேன். ஒரு சொட்டு விழவில்லை. வண்டியும் நிற்கவில்லை. "கட்டை சரியில்ல" என்று வேறு கட்டை போட்டார். "முன்ஃபோர்க்கு ஆடுது" என்று அதை முடுக்கினார். "உம்ம கைப்பிடிக்குப் பெலன் போதாது" என்றார் கடைசியில். கட்டுமரம் தள்ளி வளர்ந்த கை இது! ஒவ்வொரு தடவையும் கடை வாசலில் வண்டி நிற்கும். துடைத்துத் தருவார். இறக்கத்தில் நிற்காது. என்னைப் பிடித்த ஏதோ பேய் என்று நினைத்துக் குருசடியில் மெழுகுதிரி கொளுத்தினேன்.

பேயைக் கண்டுபிடித்தது பிலோமி. ஒருநாள் வண்டியைக் கழுவப் போனவள், ரிம்மைத் தொட்டு மோந்து பார்த்துவிட்டு, "என்ன இது, புதுசாப் பூசின வள்ளம் மாதிரி மணக்குது?" என்றாள். மீனெண்ணெய்! மரம் உப்புத் தண்ணீரில் இற்றுப்போகாமல் இருக்க நாங்கள் வள்ளத்துக்குப் பூசுகிற அதே எண்ணெய். மைதீனின் துடைக்கிற துணி அதில்தான் ஊறிக் கிடந்தது. நம் வண்டிகளில் பிரேக் கட்டை ரிம்மின் உள்முகத்தில் அல்லவா வந்து அழுத்தும்? மனுசன் அந்த உள்முகத்தையும் விடாமல் துடைத்திருக்கிறார். சரிபார்ப்பது முன்னால், துடைப்பது பின்னால். அப்புறம் கடைவாசலில் எப்படித் தெரியும்? இறக்கத்தில்தானே தெரியும்? மீன் சுமந்து சுமந்து மூக்கு செத்துப்போன எனக்கு அந்த வாசனை தெரியாமல் போனது.

சந்தைக்கூட்டம் நிறைந்திருந்த நேரம் பார்த்துப் போய்க் கேட்டேன். அவர் கொஞ்சமும் அசையவில்லை.

"கடக்கரைக் காத்து ஓய். ரிம்மு துரு ஏறிப்போவும். நான் வித்த வண்டி துருப்பிடிச்சு ரோட்டுல போச்சுன்னா எம் மூஞ்சியில துப்பினதுக்குச் சமம். உங்க வள்ளத்துக்கு உப்புத் தண்ணியில இந்த எண்ணெய்தானே காவலு? சைக்கிளுக்கு மட்டும் ஆகாதோ?"

"சாயிப்பே, வள்ளத்துக்குப் பிரேக்கு உண்டுமாவே? வள்ளம் நிக்கணும்னா நங்கூரம் போடுவோம். இரணியல் இறக்கத்துல நான் நங்கூரத்துக்கு எங்க போவேன்?"

கடையில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் அவர் முகம் கறுத்துவிட்டது. அதன் பிறகாவது திருந்தினார் என்று நினைக்கிறீர்களா? நான் வீட்டில் சாம்பலும் சவக்காரமும் போட்டு ரிம்மை எண்ணெய் போகத் தேய்ப்பேன். சங்கிலி மாட்டவோ காற்று அடிக்கவோ அவர் கடையில் விட்டுவிட்டு எதிர்க் கடையில் சாயா குடிக்கப் போவேன். திரும்பி வரும்போது ரிம் மினுங்கிக்கொண்டு நிற்கும். "தொட்டீரா?" என்றால், "தூசி தட்டினேன்" என்பார். மேல்முகத்தைத் துடைத்துக்கொள்ளும், உள்முகத்தை விட்டுவிடும் என்று கெஞ்சியும் பார்த்தேன். "பாதி மூஞ்சி கழுவுற பழக்கம் எனக்கு இல்ல" என்றார். வேறு கடைக்குப் போகக்கூடாதா என்று பிலோமி கேட்டாள். திங்கள்சந்தைக் கடைக்குப் போனேன். அங்கே பிரேக் பிடித்தது, சக்கரம் ஆடியது. திரும்பி வந்தபோது மைதீன் ஒன்றும் கேட்காமல் சக்கரத்தைக் கழற்றிக் கோட்டம் எடுத்தார். எடுத்துவிட்டு, என் கண் முன்னாலேயே துணியை எடுத்துத் துடைத்தார்.

மதராசோடு சேருவோமா மாட்டோமா என்று கடைத்தெருவெல்லாம் பேசிக்கொண்டிருந்த இந்த வருசத்தில்தான் பெரிய விழுகை விழுந்தேன். அதே இறக்கம். குறுக்கே ஓர் ஆடு. முகவாய் கிழிந்தது. மணிக்கட்டு வீங்கி விரல் மடங்கவில்லை. மைதீன் விஷயம் கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்தார். வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் சாய்த்திருந்த வண்டியிடம் போய் நூலைக் கட்டி, தீக்குச்சியை வைத்துப் பார்த்தார்.

"பிரேமுக்கு ஒண்ணும் ஆகல்ல" என்றார்.

பிலோமிக்குப் பொறுக்கவில்லை. "மனுசனுக்கு ஆயிருக்கு சாயிப்பே. கண்ணு உண்டுமா? வயசான காலத்துல இந்த ஆளு செத்திருந்தா, ஒங்க எண்ணெய்த் துணியைக் கொண்டுவந்து பொணத்தையும் தொடைப்பியளா?"

அவர் வளைந்திருந்த பின்சக்கரத்தைத் தானே கழற்றினார். வாசல்வரை உருட்டிக்கொண்டு போய் நின்றார்.

"ஓய், இந்தத் தடவை உள்ளுக்க எண்ணெய் தொடமாட்டேன். ஆனா துரு வந்தா எங்கிட்ட வரப்பிடாது."

"வந்தா வரட்டும்."

"வரும்."

"வரட்டும்வே!"

நாங்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது அதுதான். சக்கரத்தை உருட்டிக்கொண்டு தெருவில் போனார். நான் முதுகைக்கூடப் பார்க்கவில்லை. அத்தனை எரிச்சல்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். கபர்ஸ்தான் சுவருக்கு வெளியே நின்றேன். எல்லோரும் நல்லவர், வல்லவர், யார் பேச்சையும் தட்டாதவர் என்றார்கள். யார் பேச்சையும் தட்டாதவரா! கூட்டத்தில் வாய் திறக்கக்கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

நாற்பதாம் நாள் ஓதி முடிந்த மறுநாள் அவர் மகன் கடையைத் திறந்து, சக்கரத்தைக் கொண்டுவந்து தந்தான். முதலில் விரலை உள்முகத்தில் வைத்துத்தான் பார்த்தேன். எண்ணெய் ஒட்டவில்லை. சாம்பல் போட்டு அழுத்தித் தேய்த்திருந்தார். மேல்முகம், கம்பிகள், நடுக்குடம் எல்லாம் மீனெண்ணெயில் மினுங்கின. பிரேக் கட்டை படுகிற இடத்துக்கு ஓரத்தில், மீசை ஒதுக்கியது போல ஒரு கோடு. அந்தக் கோட்டைத் தாண்டி எண்ணெய் ஒரு பொட்டுகூட இறங்கவில்லை. பாதி மூஞ்சி கழுவுகிற பழக்கம் இல்லாத மனுசன்.

விரலை எடுத்துப் பார்த்தேன். செம்பொடி. பூட்டிய கடைக்குள் கடல் காற்றில் கிடந்த நாள்களில், உள்முகத்து வட்டம் முழுக்கத் துரு ஏறியிருந்தது.

"மாமா, வாப்பா எண்ணெய்த் துணியை எடுக்கதும் வைக்கதுமா இருந்தாவ" என்றான் மகன். "பூசிர வேண்டியதுதானே வாப்பான்னு கேட்டேன். வேண்டாம்ல, துரு வந்ததும் சூசை வந்து கத்துவான், அப்ப பாத்துக்கிடலாம்னாவ."

பிலோமி பக்கத்தில் நின்று பார்த்தாள். "லேசா எண்ணெய் தொட்டு எடுத்துரட்டா?" என்றாள். தொடாதே என்றேன்.

அன்றைக்கே சக்கரத்தை மாட்டினேன். பிலோமி தலையிலிருந்து கடவம் இறங்கி வண்டிக்கு வந்தது. அவர் தேர்ந்து தந்த நேரான பிரேமும், அவர் எண்ணெய் தொடாமல் விட்ட ஒரு விரல்கடை அகலத் துருவுந்தான் அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை. இறக்கத்தின் நடுவில் பிரேக்கைப் பிடித்தேன். துரு நறநறவென்று கடித்தது. மீனோடு, கடவத்தோடு, வண்டி நின்றது. காலைத் தரையில் ஊன்றினேன். எட்டியது. ஜெயித்தது நான்தான் என்று சொல்ல வாய் வந்தது. துரு வருமென்று சொன்னவர் அவர் அல்லவா?

வந்துவிட்டது, சாயிப்பே. கத்த வேண்டும். எங்கே வர?