ரெஜினாவின் முறை வரும்போது

சனிக்கிழமை காலை, ஜோகுபாளையம் சர்ச் ஹாலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது ரெஜினாவின் மகள் ஷீலா போன் செய்தாள். "அம்மா போயிட்டாங்க ஆன்ட்டி" என்றாள். சுருட்டிய பாய் என் கையில் இருந்தது. ரெஜினாவின் முதுகுப் பயிற்சி கிளாஸுக்கு நேரமாகிறதே என்றுதான் முதலில் தோன்றியது.

ஆஸ்பத்திரி பிசியோதெரபிஸ்ட் வேலையிலிருந்து ஓய்வு பெற்று எங்கள் முதுகுகளைத் தத்தெடுத்தவள் ரெஜினா. அவளை அறிந்தவர்களுக்கு அவள் சட்டமும் தெரியும். பாய் விரித்ததும் ஒவ்வொருவரும் இன்று எங்கே வலி, எப்படிப்பட்ட வலி என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "வலியை மறைச்சுட்டுப் பாய்ல படுக்காதீங்க. அது என்னை ஏமாத்துற வேலை" என்பாள்.

பொம்மசந்திராவுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வந்தே என் முதுகெலும்பு மூட்டுகள் இறுகிப் போயிருந்தன. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இரண்டையும் மெதுவாக ஒரு பக்கம் சாய்க்கச் சொன்னாள். பக்கத்துப் பாய்க்காரியை முந்த நான் தரையைத் தொடப் பார்த்தேன். "இங்க என்ன ரேஸா நடக்குது? சுகமா போற வரைக்கும் போ. அங்கயே நின்னு மூச்சு விடு" என்று அதட்டினாள். சில மாதங்களில் நான் குனிந்து செருப்பு மாட்டினேன்.

ஒருநாள் பீட்டர் அண்ணன் தன் முறையில், "வலி தூக்கத்துலயே எழுப்பி விடுதும்மா, படுத்தாலும் அடங்கல" என்றார். ரெஜினா அவர் பாயைத் தானே சுருட்டினாள். "இது என் பயிற்சிக்கு அடங்குற வலி இல்லண்ணா, டாக்டர் பாக்கணும்" என்று ஆட்டோவில் கூட்டிப்போனாள். சிறுநீரகத்தில் கோளாறு; நேரத்தோடு தெரிந்ததால் பிழைத்தார். அவளுடைய சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர்.

அடக்கம் முடிந்ததும் ஷீலா என்னிடம் சொன்னாள்: "கிறிஸ்மஸுக்கு அப்புறம் அம்மாவால படுக்கவே முடியல ஆன்ட்டி. சேர்ல உக்காந்தே தூங்குவாங்க. டாக்டர்கிட்ட போலாம்னா கேக்கல. உங்ககிட்டயாவது சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்." கடைசியில் டாக்டரிடம் போனபோது புற்றுநோய் முதுகெலும்பு வரை பரவியிருந்ததாம்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வட்டத்தில் கடைசி முறை எப்போதும் அவளுடையது. "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். ஆரம்பிங்க" என்று வாராவாரம் எங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னாளே! எங்கள் வலியையெல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டவள், தன்னுடையதைச் சொல்ல எங்களை ஒரு ஆளாக மதிக்கவில்லை. பீட்டர் அண்ணனிடம் ஒரே பேச்சில் கண்டுபிடித்தவளுக்குத் தன் உடம்பு தெரியாமலா போகும்? இறந்தவளைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்பீர்கள். அவள் ஏமாற்றிவிட்டாள், எழுதத்தான் செய்வேன்.

அடுத்த சனிக்கிழமை யாரும் கூப்பிடாமலே எல்லோரும் வந்துவிட்டோம். நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அவளுடைய நிதானமான அசைவுகளை அப்படியே வைத்துக்கொண்டேன், வலியைச் சொல்லும் சட்டத்தையும். ஒன்றை மட்டும் மாற்றினேன்: நடத்துகிறவர்தான் முதலில் சொல்ல வேண்டும்.

"இடுப்புக்கு மேல, வலது பக்கம், கொஞ்சம் பிடிச்சிருக்கு" என்று ஆரம்பித்தேன். எல்லோரும் காத்திருந்தார்கள். "ரெஜி மேல கோவம் இருக்கு. அது இன்னும் அடங்கல" என்றேன்.

அதன் பிறகுதான் பாயில் படுத்தேன்.