போரான் பத்ரி

டப்பாவைக் காதருகே வைத்து இரண்டு தரம் குலுக்குகிறார் பத்ரிநாராயணன். சத்தத்தை வைத்தே உள்ளே எத்தனை மீதி என்று சொல்லிவிடுவாராம். பிறகு மூடியைத் திருகி, ஒரு கேப்ஸ்யூலைத் தன் உள்ளங்கையிலும் இன்னொன்றை மனைவியின் உள்ளங்கையிலும் தட்டுகிறார். முகத்தில் தீர்த்தம் கொடுப்பவரின் கம்பீரம். மணி காலை ஆறு பத்து.

"வல்லி, வெறும் வயித்துல போட்டுக்கணும். மறந்துடாதே."

சுந்தரவல்லி மாமி தலையாட்டிவிட்டுச் சமையலறைக்குள் போகிறார். உள்ளே டம்ளர் வைக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் இவர் பேப்பரை விரிக்கிறார். முப்பத்துநாலு வருஷம் ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தின் ஆடிட் செக்‌ஷனில் குப்பை கொட்டியவர். செத்தவர் செத்துப்போனதற்கு மூன்று காப்பி அத்தாட்சி கேட்டு, மூன்றாவது காப்பியில் சீல் மங்கலாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பியவர். மனைவி மருந்து சாப்பிட்டதற்கு மட்டும் டம்ளர் சத்தமே போதும் என்று விட்டுவிட்டார்.

மருந்து என்று சொல்லக்கூடாது, கோபம் வரும். "மருந்து இல்லை சார், மினரல்!" என்பார். போரான் என்கிற தாதுப்பொருள், கேப்ஸ்யூலுக்கு மூன்று மில்லிகிராம். எலும்புக்கு நல்லதாக இருக்கக்கூடும் என்று யாரோ சில பேர் எழுதியிருக்கிறார்கள். கொஞ்சம் ஆட்களை வைத்துக் கொஞ்ச நாள் நடந்த ஆராய்ச்சிகள், மீதிக்கு எலிகள். மனித உடம்புக்கு அது வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால் விஞ்ஞானம் இன்னும் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருக்கிறது. அதுவரை காத்திருக்க நம்மவருக்குப் பொறுமை இல்லை. கையில்லாத பனியன் போட்ட ஒரு வெள்ளைக்காரர், நிறுத்தி வைத்த காருக்குள் உட்கார்ந்துகொண்டு யூடியூபில் பதினெட்டு நிமிஷம் பேசினார். அவருக்கு மட்டும் சீல், கையெழுத்து எதுவும் தேவைப்படவில்லை.

கீழ்க்கட்டளை ஏரிக்கரையில் காலை நடை போகிறவர்கள் இவருக்கு வைத்திருக்கும் பெயர் போரான் பத்ரி. முதுகுக்குப் பின்னால்தான் சொல்கிறார்கள். அவருக்கும் தெரியும், உள்ளூரப் பெருமைதான். யாராவது வாய் தவறி முட்டி வலி என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது, இரண்டு சுற்றுக்கு அவரை விடமாட்டார்.

"இதைப் பத்தி பெரிய ஆராய்ச்சி எதுவும் இல்லையாமே சார்?" என்று ஒருமுறை யாரோ கேட்டுவிட்டார்கள்.

"அதைத்தான் நானும் கேக்கறேன், ஏன் இல்லை? யோசியுங்கோ. பண்ணினா நல்லதுன்னு தெரிஞ்சுடும். தெரிஞ்சுட்டா மருந்து கம்பெனிக்காரன் கதி என்ன ஆறது?"

இல்லாத காகிதத்துக்காக எத்தனையோ விதவைகளை அலையவிட்ட மனிதருக்கு, காகிதம் இல்லாததே மகத்தான சாட்சியாகிவிட்டது.

முழுக்க விசாரிக்காமல் வாங்கினார் என்று சொன்னால் பாவம். கம்பெனிக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பினார். கேப்ஸ்யூலின் மேலுறை எதிலிருந்து செய்தது, மாட்டுக் கொழுப்பா, எலும்பா, ஜெலட்டினா என்று கேட்டு. சுத்த சைவம் என்று பதில் வந்தது. அதைப் பிரிண்ட் எடுத்து ஃபைலில் கோத்து வைத்திருக்கிறார். உறை பரம சுத்தம் என்று தெரிந்துவிட்டது. உள்ளே இருக்கும் பொடி எதற்கு என்று கேட்கத்தான் நாலாவது மின்னஞ்சல் போகவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை தண்ணீர். அவர் வீட்டு போர்வெல் தண்ணீரில் இல்லாத தாது கிடையாது. பக்கெட் விளிம்பில் வெள்ளையாகப் பொரிந்திருக்கும், கீசர் வருஷத்துக்கு ஒரு தரம் மண்டையைப் போடும். அந்தத் தாதுவையெல்லாம் வடித்துக் கொட்டுவதற்குச் சுவரில் ஒரு மிஷின் மாட்டியிருக்கிறார். இப்படி ஒன்றுமில்லாமல் ஆக்கிய தண்ணீரைக் குடித்தால் உடம்பில் தாது குறைந்துவிடும் என்பதற்காகக் கேப்ஸ்யூல்.

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டு மருந்துக் கடை ஜெரோம் மட்டும் அவரிடம் மசிவதில்லை. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"இன்னா சார் இது, கேரம் போர்டுல தூவுவாங்களே பவுடரு, அந்த ஃபேமிலிதான?"

"இருக்கட்டுமே. கரியும் வைரமும்கூட ஒரே ஃபேமிலிதான் ஜெரோம்."

"அதுக்குன்னு வைரத்த முழுங்குனா இன்னா ஆவும்னு தெரியும்ல சார்?"

அன்றிலிருந்து இவர் கால்சியம் வாங்குவதற்குக்கூட அந்தக் கடைக்குப் போவதில்லை.

இதெல்லாம் ஒரு மனிதரின் பொழுதுபோக்கு என்று சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் போன வருஷம் சுந்தரவல்லி மாமிக்கு எலும்பு ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பு ரொம்ப மெலிந்துவிட்டது, விழுந்தால் இடுப்பு உடையும், ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி போட்டாக வேண்டும் என்றார் டாக்டர். பத்ரிநாராயணன் ஊசியோடு வருகிற தாளை வாங்கி, பூதக்கண்ணாடி வைத்து முழுக்கப் படித்தார். பக்கவிளைவுகள் மட்டும் ஒரு முழுப் பக்கம். போரான் டப்பாவில் அப்படி ஒரு தாளே இல்லை. ஆகவே போரானுக்குப் பக்கவிளைவே கிடையாது என்று தீர்ப்பாயிற்று. "ஒரு வருஷம் இதைப் பார்ப்போம் வல்லி. அப்புறம் ஸ்கேன் எடுத்துப் பேசிக்கலாம்." பந்தயத்தில் வைத்தது தன் இடுப்பை அல்ல, மாமியின் இடுப்பை.

மாமி அன்றைக்கும் தலையாட்டினார். நாற்பத்தொரு வருஷமாக ஆட்டுகிறார். அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம் ‘சரி’ இல்லை, ‘காதில் விழுந்தது’ மட்டும்தான். ஆடிட்டருக்கு இது இன்னும் பிடிபடவில்லை.

ஒரு வருஷம் ஓடியது. போன வாரம் ஸ்கேன். முடிவைப் பார்த்து டாக்டரே "பரவாயில்லையே, நல்லா ஏறியிருக்கு" என்றார். அவ்வளவுதான், மனிதர் தரையில் நிற்கவில்லை. பழைய ரிப்போர்ட், புதிய ரிப்போர்ட் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, மஞ்சள் மையில் வட்டம் போட்டு, நடைக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஏற்றினார். மேலே ஒரே வார்த்தை: ‘எவிடன்ஸ்.’ கைகூப்பும் பொம்மைகள் நாள் முழுக்க வந்து விழுந்தன.

இன்று காலை ஏழே முக்காலுக்கு ஜீவானந்தம் போன் செய்தார். கோவிலம்பாக்கத்துக்காரர், ரிட்டயரான கணக்கு வாத்தியார், இவரோடு நடக்கிறவர். ரோஸி அவர் மனைவி. பத்ரிநாராயணன் எந்தப் போனையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"சார், ரோஸிக்கு வர்ற திங்கக்கிழமை அந்த எலும்பு ஊசி போடணும். கேன்சல் பண்ணிட்டேன். உங்க ரிப்போர்ட்டைக் காட்டினேன், அவளே இனிமே ஊசி வேணாம்னுட்டா. ரெண்டு வருஷமா குத்திக் குத்திச் சலிச்சுப்போச்சு சார். அந்த டப்பா எங்க கிடைக்கும்னு மட்டும் சொல்லுங்க."

பத்ரிநாராயணனுக்கு மார்பு விம்மியது. "டப்பாவா? நானே கொண்டுவந்து..."

ஈரக் கையோடு சமையலறையிலிருந்து வெளியே வந்தார் மாமி. "அப்புறம் பேசறேன்னு சொல்லி வைங்கோ." குரல் உயரவில்லை. ஆனால் நாற்பத்தொரு வருஷத்தில் அவர் கேட்டிராத குரல். போனை வைத்துவிட்டார்.

"நான் ஊசி போட்டுண்டேன்."

"எது?"

"அந்த ஊசிதான். ரெண்டு தரம். நீங்க வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போயிருந்தப்போ மாளவிகா வந்து அழைச்சிண்டு போனா." மாளவிகா அவர்கள் பெண், மேடவாக்கத்தில் இருக்கிறாள்.

"அப்போ போரான்?"

"பின்னாடி தென்னைமரத்துக்குப் போட்டுண்டிருக்கேன். காய் பறிக்க வர்ற சவுரிமுத்துதான் சொன்னான், ‘இத்த தென்னைக்குத்தாம்மா போடுவாங்க, குரும்ப கொட்டாது’ன்னு."

அவமானம், கோபம், ஏமாற்றம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து பத்ரிநாராயணனின் தொண்டைக்கு வந்தன. வாயிலிருந்து வந்ததோ வேறு.

"கொட்டறது நின்னுதா?"

"எங்கே நின்னுது? இந்த அளவு எறும்புக்குக்கூடக் காணாதுன்னு அவன் சிரிக்கறான்."

பத்ரிநாராயணன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்க சந்தோஷத்தைக் கெடுப்பானேன்னுதான் சொல்லாம இருந்தேன்," என்றார் மாமி. "ஆனா ரோஸி பாதியில விடப்படாது. இந்த ஊசியை ஆரம்பிச்சுட்டு நாள் தவறவிட்டா முதுகெலும்பே நொறுங்கிடும்னு டாக்டர் என்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னார். அவ எழுந்திருக்க முடியாம படுத்துண்டா, அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு. நீங்க சொல்றேளா, நான் சொல்லட்டுமா?"

சமாளிக்க வழி இல்லாமல் இல்லை. ஊசியும் போடட்டும், போரானும் சாப்பிடட்டும், இரண்டும் சேர்ந்தால் பலன் அதிகம் என்று சொல்லிவிட்டால் கௌரவமும் பிழைக்கும், ரோஸியும் பிழைப்பார். அலுவலகத்தில் இதைவிடப் பெரிய ஓட்டைகளை ஒரு வரிக் குறிப்பில் மெழுகியவர் அவர். ஜீவானந்தம் ஒரு வார்த்தை மறுத்துக் கேட்கமாட்டார். ஆனால் மஞ்சள் வட்டம் போட்ட ரிப்போர்ட்டும் அப்படியே நின்றுவிடும், இன்னும் யார் யார் ஊசியை நிறுத்துவார்களோ தெரியாது. ஐந்து நிமிஷம் கழித்துப் போனை எடுத்தார். ஸ்பீக்கரை அணைக்கவில்லை.

"ஜீவானந்தம், திங்கக்கிழமை ஊசியை அவசியம் போட்டுடுங்கோ. உடனே போன் பண்ணி திரும்பப் புக் பண்ணுங்கோ. நாள் தள்ளப்படாது."

"ஏன் சார்? உங்க வீட்ல..."

"என் வீட்லயும் ஊசிதான். அந்த ரிப்போர்ட் ஊசியோடது. எனக்குத் தெரியாது." நிறுத்தினார். "தெரியாம போட்டுட்டேன். குரூப்லயும் இப்போ எழுதிடறேன்."

"சரி சார். இப்பவே பண்றேன். அப்போ அந்த போரான் நல்லதா இல்லையா சார்?"

"அதுவும் எனக்குத் தெரியாது, ஜீவானந்தம்."

அறுபத்தொன்பது வயதில் ஒரே போனில் இரண்டு தடவை அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறார். குழுவில் நாலு வரி எழுதி, இரண்டு தரம் எழுத்துப்பிழை திருத்தி அனுப்பினார். கைகூப்பும் பொம்மை ஒன்றுகூட வரவில்லை.

மாமி முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டு பின்கட்டுக் கதவைத் திறந்தார். இன்றைய கேப்ஸ்யூல் இன்னும் அந்த முடிச்சில்தான் இருந்தது. பத்ரிநாராயணன் எழுந்து பின்னாலேயே போனார். துணி உலர்த்துகிற அந்தப் பக்கம் அவர் கால் வைத்துப் பல மாதம் ஆகிறது. மரத்தடியில் உதிர்ந்த குரும்பைகள், பக்கத்தில் ஒரு வளைந்த பழைய கரண்டி. அதைச் சுற்றி மண் சின்னச் சின்னதாகக் கிளறிக் கிடந்தது. டாக்டர் போன வருஷம் ஊசியோடு இன்னொன்றும் சொல்லியிருந்தார்: தரைக்குக் குனியக்கூடாது, குனிந்தால் முதுகெலும்பு தாங்காது. ஊசியோடு சண்டை போட்டதில் பத்ரிநாராயணனுக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. இந்தக் கிழவனை நோகடிக்கக்கூடாது என்பதற்காக ஒரு வருஷமாக, ஒரு நாள் விடாமல், இவள் இங்கே குனிந்திருக்கிறாள்.

மாமி ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு கரண்டியை எடுக்க முதுகை வளைத்தார்.

"நில்லு வல்லி. நீ குனியாதே."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். சாப்பாட்டுக்குக்கூடத் தரையில் உட்காராத மனிதர், முட்டி இரண்டும் மளுக்கென்று சத்தம் போட, மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்து, மனைவியிடம் உள்ளங்கையை நீட்டினார்.