பூக்கடைக்குக் கீழே ஒரு வளைவு

தண்ணீரை முறைவைத்துத் திறந்துவிட்ட அறுபதுகளில் ஒரு நாள், சிராங்கூன் சாலைப் பூக்கடையில் மாலை வாங்க நின்றேன். காற்றே இல்லை. தொங்கிய மாலைகள் அத்தனையும் ஒன்றாக ஆடின.

"பயப்படாதீங்க சார், எங்க வீட்டுக்காரர்தான்," என்றார் கடைக்கார அம்மா. "செத்தும் கடைய விடல. தண்ணி தொறக்கிற நேரத்துக்குக் கரெக்டா வந்துடுவாரு லா."

எனக்கு முதுகு சில்லிட்டது, ஆவிக்காக அல்ல. கடைக்கு அடியில்தான் பெரிய தண்ணீர்க் குழாய் வளைகிறது. வளைவில் நீர் தள்ளும் விசையைத் தாங்கும் கான்கிரீட் முட்டுக்கு வரைபடம் போட்டவன் நான்.

மறுநாளே தோண்டினோம். பக்கத்தில் கால்வாய் வெட்டியவர்கள், முட்டு சாய்ந்திருந்த மண்ணை அள்ளிவிட்டிருந்தார்கள். தண்ணீர் வரும்போதெல்லாம் குழாய் நகர்ந்து கடைக் கம்பத்தை அசைத்திருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் குழாய் பிடுங்கிக்கொண்டு, கடையோடு அந்த அம்மாவையும் தூக்கியெறிந்திருக்கும்.

பெரிய முட்டாகப் போட்டோம். தண்ணீரைத் திறந்தார்கள். மாலைகள் அசையவில்லை. அந்த அம்மா வெகுநேரம் அவற்றையே பார்த்திருந்தார்.

"அவர எங்க சார் அடச்சு வச்சீங்க?"

குழாயைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தவன், ஒரு மாலையைக் கேட்டு வாங்கினேன்.

அதன்பின் எத்தனையோ முட்டுகள் வரைந்துவிட்டேன். இன்றும் கான்கிரீட் கொட்டுமுன், குழிக்குள் யாராவது இருக்கிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பார்க்கிறேன்.