சகன் தட்டில் அவள் பக்கம்

தம்பி பெண்டாட்டி எங்கள் முத்துப்பேட்டை வீட்டுக்கு வந்த மூன்றாம் மாதமே, அவள் 'லாத்தா' என்று கூப்பிடும் நாத்தனாரான எனக்கு அவள் மேல் ஆத்திரம் வந்துவிட்டது. காரணம் சாப்பாடு. விசேஷ வீடுகளில் எங்களுக்குச் சகன் சாப்பாடுதான். ஒரே பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர். கடைசி ஆள் முடிக்கிறவரை யாரும் எழுந்திருப்பதில்லை. இவளோ நெய்ச்சோற்றைப் பருக்கை பருக்கையாக எடுப்பாள், கறியை ஒதுக்கிவிடுவாள். மற்ற மூன்று பேரும் கை காய்ந்து உட்கார்ந்திருப்போம்.

"நம்ம வீட்டு சோறு அவளுக்கு எறங்கலடா. அம்மா வீட்டுக்கே போகட்டும்" என்று துபாயில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன். மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாத வாய் எனக்கு. அவன் அவளிடம் பேசுவதையே நிறுத்திவிட்டான். அவள் துணிகளை மடித்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தாள்.

அந்த வாரமே ஒரு கல்யாண விருந்து. சகனில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஒரு கறித் துண்டைக் கடித்தாள். அவள் காதோரம் 'டக்' என்று ஒரு சத்தம், எனக்கே கேட்டது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள்.

"என்னடி அது?"

"தாடை, லாத்தா. ஒரு வருசமா இருக்கு. சொத்தைன்னு ஒரு பல்லக்கூட புடுங்கிட்டாங்க, வலி போகல. சீக்காளிப் பொண்ணுன்னு பேராயிடும், வெளிய சொல்லாதேன்னுட்டாங்க அம்மா."

மறுநாளே மன்னார்குடிக்கு அழைத்துப் போனேன். பல் டாக்டரம்மா அவள் இரண்டு காதுக்கும் முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடச் சொன்னார். இரண்டு விரல் அளவுகூடத் திறக்கவில்லை. தாடை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது.

"பல்லுல ஒண்ணும் இல்லைங்க. தாடை மூட்டும் தசையும்தான் பிரச்சனை. தூக்கத்துல பல்லைக் கடிக்கிறாங்க, தேய்ஞ்சிருக்கு பாருங்க. கொஞ்ச நாள் மிருதுவான சாப்பாடு, வெந்நீர் ஒத்தடம், நான் சொல்ற பயிற்சி. ராத்திரி பல்லுல மாட்டிக்க ஒரு உறை செஞ்சு தரேன். பெரும்பாலும் இதுலயே சரியாயிடும்." பிறகு அவளிடம் கேட்டார்: "கவலை இருந்தா இது கூடும்மா. வீட்டுல ஏதும் மனக்கஷ்டமா?"

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். "இல்லைங்க டாக்டர்" என்றாள்.

பஸ் ஸ்டாண்டில் நின்றே தம்பியைக் கூப்பிட்டேன். "நான் சொன்னது தப்புடா. அவகிட்ட பேசு" என்று போனை அவள் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்து நின்றேன்.

அடுத்த விருந்தில் கறியை நானே நார் நாராகப் பிய்த்து, சகனில் அவள் பக்கம் குவித்தேன். எதிரே இருந்த பெரியம்மா கை காய்வதாக முணுமுணுத்தார்.

"நீ மெதுவா சாப்பிடு. நாங்க உக்காந்திருக்கோம்" என்றேன்.