இரண்டு நீலப் பீப்பாய்கள்

வேர்ன் நீமிக்குப் பேச்சு குறைவு. கோபம் மட்டும் மூக்கு நுனியில் தயாராக உட்கார்ந்திருக்கும். அமெரிக்காவின் வடக்கே சுப்பீரியர் ஏரிக்கரை ஊர்களில் பனி தள்ளும் வண்டியை முப்பத்தோரு குளிர்காலம் ஓட்டியவன். நீட்டிய கை கண்ணுக்குத் தெரியாத நாளிலும் வண்டியைச் சாலையை விட்டு இறக்கியதில்லை என்று ஊரே சொல்லும். வீட்டுக்கு வந்தால் பாட்டிலும் கையுமாக உட்கார்ந்துவிடுவான் என்பதையும் அதே ஊர்தான் ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தது.

குடியை விட்டுப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. விட்ட புதிதில் சாயங்காலம் ஐந்து மணியானால் கை நடுங்கும், இருப்புக் கொள்ளாது. அந்த நேரத்தைத் தள்ளுவதற்குத்தான் ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டியும் ஒரு ஜோடிக் கோமாளி மீனும் வாங்கிவந்தான். பாட்டில் அலமாரி இருந்த சுவரோரம் வைத்தான். தொட்டி பெரிதாகிப் பெரிதாகி ஆறடிக் கடலாகிவிட்டது. பவளம், நண்டு, நத்தை என்று என்னென்னவோ வந்தன, போயின. அந்த இரண்டு மீன் மட்டும் போகவில்லை. பெரியது பெண். அவன் மனைவி டோரின் அதற்கு பெர்ட்டா என்று பெயர் வைத்தாள். சின்னது ஆண், பெயர் கிடையாது. 'பெர்ட்டாவின் வீட்டுக்காரர்', அவ்வளவுதான் அதற்கு மரியாதை.

பெர்ட்டாவுக்கு என்ன வயது என்று கேட்டால் போதும், வேர்ன் குடியை விட்டு எத்தனை வருஷம் என்று தெரிந்துவிடும். அதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

கடல்நீர்த் தொட்டிக்கு உயிரே தண்ணீரைச் சுழற்றும் பம்புகள்தான். அவை நின்றால் சில மணி நேரத்தில் மீனுக்கு மூச்சு முட்டும். கரண்ட் அடிக்கடி போகும் ஊர் என்பதால், படகில் வைக்கும் பெரிய பேட்டரி ஒன்றைத் தொட்டிக்கு அடியில் பெட்டிக்குள் வைத்திருந்தான். கரண்ட் போன மறுநொடி இரண்டு பம்பும் அதிலிருந்து ஓடும். இரண்டு நாள் தாங்கும் என்பது அவன் கணக்கு. மாதத்தின் முதல் சனிக்கிழமை பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிஷம் ஓடவிட்டுப் பார்ப்பான். பச்சை விளக்கு எரியும். திரும்பச் செருகுவான்.

"பாத்தியா டோரின்? ஒரு நொடிகூட நிக்கல."

"பாத்தேன், பாத்தேன். என்னையும் இப்படி மாசத்துக்கு ஒரு நிமிஷம் கவனிச்சா நல்லாருக்கும்."

ஒரு நிமிஷம் ஓடியதை வைத்து இரண்டு நாள் ஓடும் என்று எப்படித்தான் நம்பினானோ! ஒரு தடவையாவது ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

போன வருஷம் மார்ச்சில் அவனுக்கு நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் நடந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் தொட்டியைக் கவனிக்க வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போனான். டோரின் பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருஷம் வேலை பார்த்தவள், எழுதிக் கொடுத்தால் இம்மி பிசகாமல் செய்வாள். ஆறு வாரம் கழித்து அவன் வந்து பார்த்தபோது ஒரு நத்தைகூடச் சாகவில்லை.

இந்த வருஷம் ஏப்ரலில் விடிய விடிய உறைமழை, விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாகிவிடும். காலை ஏழு மணிக்கு எங்கேயோ ஒரு பெரிய மரம் முறிந்த சத்தம் கேட்டது. வீடு இருண்டது. பம்புகள் ஒரு கணம் இருமிவிட்டு மெல்லிய சத்தத்தோடு மறுபடி ஓடின. வேர்ன் விறகு அடுப்பில் காப்பியைச் சூடாக்கிக்கொண்டு தொட்டி முன்னால் பெருமையாக உட்கார்ந்தான்.

ஏழே முக்காலுக்கு இரண்டும் நின்றுவிட்டன.

முதலில் அவன் நம்பவில்லை. ஃப்யூஸைப் பார்த்தான், நன்றாக இருந்தது. ஒயர் முனைகளைக் கழற்றிச் சுரண்டி மாட்டினான். மீட்டரை வைத்தால் பன்னிரண்டரை வோல்ட் காட்டியது. அட, நன்றாகத்தானே இருக்கிறது என்று பம்பை இணைத்தால் முள் ஒன்பதுக்குக் கீழே விழுந்தது. பாரம் ஏற்றாதவரை தெம்பாக நின்ற பேட்டரி, பாரம் ஏறியதும் படுத்துக்கொண்டது. பெட்டியை வெளியே இழுத்தான். பேட்டரியின் மூடிகளைச் சுற்றி வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. தொட்டி விளிம்பில் வாராவாரம் சுரண்டுகிறானே, அதே பொருக்கு. பேட்டரிக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் குவளை. உள்ளே வெள்ளை வளையம் காய்ந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தான்.

உப்பு.

சுத்தத் தண்ணீர் ஊற்ற வேண்டிய பேட்டரியில் எவனோ தொட்டிக்குக் கலந்து வைத்த கடல்நீரை ஊற்றியிருக்கிறான்! உள்ளே இருக்கும் ஈயத்தை ஒரு வருஷமாக அது அரித்துத் தின்றிருக்கிறது. வேர்னுக்கு ரத்தம் கொதித்தது. யாரென்று யோசிக்கக்கூட இல்லை. ஆபரேஷன் சமயத்தில் கூடமாட உதவிக்கு வந்தவன் டோரினின் தம்பி வெய்ன். வேறு யார்?

டோரினின் காரிலிருந்து பேட்டரியைக் கழற்றித் தூக்கிவந்தான். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு ஒயரை மாட்டத் தொடங்கினான்.

"ஏண்டா வெய்ன், உனக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்கா? பேட்டரில போய் உப்புத் தண்ணிய ஊத்திருக்கியே, நீயெல்லாம் மனுஷனா?"

"மச்சான், காலங்காத்தால என்ன உளறுற? நான் உன் மீன் தொட்டிப் பக்கமே வந்ததில்ல. ஃபிரிட்ஜுல இருந்த கறி அடைச்ச பேஸ்டி ரொட்டிய எடுத்துத் தின்னேன், அது வேணா நெசம்."

"பொய் சொல்லாத! எந்த முட்டாள் இத..."

பட்டென்று ஒரு சத்தம். கருகிய நாற்றம். பம்புகளை இயக்கும் கறுப்புப் பெட்டியிலிருந்து புகை நூலாக எழும்பியது. சிவப்பு போக வேண்டிய இடத்தில் கறுப்பு, கறுப்பு போக வேண்டிய இடத்தில் சிவப்பு. தூக்கத்தில்கூடச் சரியாக மாட்டுகிறவன், ஆத்திரத்தில் மாற்றி மாட்டிவிட்டான். அது இல்லாமல் பம்பு ஓடாது, வீட்டில் வேறு பெட்டியும் கிடையாது.

டோரின் கதவோரம் நின்றிருந்தாள். கையில் போன வருஷம் ஃபிரிட்ஜில் ஒட்டிய அந்தத் தாள்.

"வெய்னத் திட்டாத வேர்ன். அந்த முட்டாள் நான்தான்."

அவள் நீட்டிய தாளில் பதினோராவது வரி, அவனுடைய கோழிக் கிறுக்கலிலேயே இருந்தது. 'பேட்டரி: நீலப் பீப்பாய்த் தண்ணீர், அளவாக.'

கராஜில் நீலப் பீப்பாய் இரண்டு. இடதுபக்கம் சுத்தத் தண்ணீர், வலதுபக்கம் உப்புக் கலந்தது. அது அவனுக்குத் தெரியும். அவனுக்கு மட்டும்தான் தெரியும். இத்தனை வருஷத்தில் இரண்டின்மேலும் ஒரு எழுத்து எழுதியதில்லை. தன்னைத் தவிர வேறு யார் தொடப்போகிறார்கள் என்ற நினைப்பு.

"கதவத் தொறந்ததும் கைக்கு எட்டுனதுல மொண்டேன்," என்றாள். "நீ எழுதினபடிதான் செஞ்சேன்."

"ஆமா," என்றான் வேர்ன். "நீ சரியாத்தான் செஞ்சிருக்க."

போனில் வெய்ன் இன்னும் கத்திக்கொண்டிருந்தான். வேர்ன் பேச்சைத் துண்டித்தான்.

பிறகு செய்வதற்கு ஒன்றுதான் இருந்தது. தொட்டித் தண்ணீரை ஜாடியில் மொண்டு, உயரத் தூக்கி, மறுபடி தொட்டியிலேயே ஊற்ற வேண்டும். விழும் தண்ணீர் காற்றை இழுத்துக்கொண்டு உள்ளே போகும். நிறுத்தக் கூடாது. கால் மணி அவன், கால் மணி அவள். ஆபரேஷன் ஆன நெஞ்சு, கையைத் தலைக்கு மேல் தூக்கும்போதெல்லாம் தையல் போட்ட இடத்தில் இழுத்தது. டோரினுக்கு மணிக்கட்டில் வாதம். மத்தியானம் ஆறிப்போன பேஸ்டியை ஒரு கையால் தின்றுகொண்டு மறுகையால் ஊற்றினாள்.

"நீ கொஞ்சம் உக்காரு டோரின்."

"நீ உக்காரு. இதயம் உனக்குத்தான் ஒட்டுப் போட்டது."

நடந்ததையெல்லாம் காலையில் போனிலேயே கேட்டிருந்த வெய்ன், ஒரு மணிக்குத் திரும்பக் கூப்பிட்டான். சாலையில் மூன்று மரம் விழுந்து கிடக்கிறதாம். ரம்பத்தால் அறுத்துக்கொண்டே வருகிறானாம், ஜெனரேட்டர் வண்டியில் இருக்கிறதாம். "உனக்காக இல்ல மச்சான், அக்காவுக்காக," என்று சொல்லி வைத்துவிட்டான். வேர்னுக்கு வெட்கமாக இருந்தது.

இரண்டு மணிக்குமேல் பெர்ட்டா மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. ஜாடித் தண்ணீர் விழும் இடத்திலேயே ஒதுங்கி நின்றது. வீட்டுக்காரர் அதன் விலாவை உரசிக்கொண்டு பக்கத்திலேயே சுற்றினார். வேர்னும் டோரினும் முறை பார்க்காமல் சேர்ந்தே ஊற்றினார்கள். மூன்றரைக்கு பெர்ட்டா பக்கவாட்டில் சாய்ந்தது. வேர்ன் கையைத் தண்ணீருக்குள் விட்டு உள்ளங்கையில் ஏந்தி, அங்குமிங்கும் மெதுவாக நகர்த்திப் பார்த்தான். செவுள் இரண்டு முறை அசைந்தது. அப்புறம் அசையவில்லை.

டோரின் ஊற்றுவதை நிறுத்தவில்லை. "இன்னொண்ணு இருக்கு வேர்ன்," என்றாள், அழுதுகொண்டே.

நாலரைக்கு வெய்ன் உடம்பெல்லாம் மரத்தூளாக வந்து சேர்ந்தான். பரணில் கிடந்த, வீட்டுக் கரண்டில் மட்டும் ஓடும் பழைய பம்பு ஒன்றை வேர்ன் எடுத்துக் கொடுக்க, வெய்ன் அதை ஜெனரேட்டரில் மாட்டினான். தண்ணீர் சுழன்றது. சின்ன மீன் பாறைக்குப் பின்னாலிருந்து மெல்ல வெளியே வந்தது. "காலைல பேசினது தப்புடா," என்றான் வேர்ன். வெய்ன் தலையை மட்டும் ஆட்டிவிட்டு அடுப்பருகே போய் உட்கார்ந்தான்.

மணி ஐந்து. வேர்ன் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து கராஜுக்குப் போனான்.

சற்று நேரத்தில் வேகமான காலடிச் சத்தம். டோரின் வாசற்படியில் நின்றாள், காலில் செருப்பில்லை. சிமெண்ட் தரை ஐஸாக இருக்கும், அதைக்கூட அவள் கவனிக்கவில்லை. அவள் கண் அவனைப் பார்க்கவில்லை. பின்சுவரில் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் இருக்கும் மேல்தட்டைத்தான் பார்த்தது. பத்தொன்பது வருஷத்துக்கு முன் அவன் பாட்டிலை ஒளித்துவைக்கும் இடம். அங்கே ஒளித்திருந்தது அவளுக்குத் தெரியும் என்பதே வேர்னுக்கு அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருஷமும் இந்தப் பயத்தை வயிற்றில் கட்டிக்கொண்டா இவள் இருந்தாள்?

அவன் நடு கராஜில் இரண்டு பீப்பாய்களுக்கும் நடுவே நின்றிருந்தான். கையில் தடித்த கறுப்புப் பேனா. அதன் மூடியைக்கூட இன்னும் திறக்கவில்லை.

"அங்க ஒண்ணுமில்ல டோரின்," என்றான். "வேணும்னா ஏறிப் பாரு."

அவள் ஏறிப் பார்க்கவில்லை.

வேர்ன் தன் செருப்பைக் கழற்றி அவள் காலடியில் தள்ளினான். பேனாவை அவளிடம் நீட்டினான்.

"நீ எழுது. நாளைக்கு நான் இல்லாதப்போ நீதானே வந்து பாக்கணும்."

வீங்கிய விரல்களால் பேனாவைப் பிடித்து, வலதுபக்கப் பீப்பாயில் 'உப்பு' என்று பெரிதாக எழுதினாள். எழுத்து கோணலாக வந்தது. அவன் அவள் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான், அடுத்த பீப்பாயிலும் எழுதி முடிக்கிறவரை.